சட்டமன்ற உறுப்பினர் லிங்கன்: இல்லினாய்ப் பயண நாட்குறிப்பு

மே 14, 2024, செவ்வாய்: புளூமிங்டன், லிங்கன், ஸ்பிரிங்ஃபீல்ட்

அமெரிக்காவுக்குப் போய்வரும் நம்மவர்கள் நயாகராவையும் நியூயார்க்கையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். தங்கை வீட்டில் தங்க வந்த நான் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தடத்தைத் தேடிக் கிளம்பினேன். 1834 முதல் 1842 வரை, தொடர்ந்து நான்கு முறை இல்லினாய் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆபிரகாம் லிங்கன்தான் அவர். ஜனாதிபதி லிங்கனைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அந்த எட்டு வருடத்தைப் புத்தகங்கள் இரண்டு பத்தியில் தாண்டிவிடுகின்றன. பேரூராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவள் நான். குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போட்டு, பாதியில் தோற்று, மீதியில் சமரசம் செய்துகொண்டவள். அந்த இரண்டு பத்திக்குள் ஒரு மனிதர் என்னவெல்லாம் பட்டிருப்பார் என்பது பல நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

புறப்படும்போதே மழை. கல்லூரி விடுமுறையில் இருந்த தங்கை மகன்தான் வண்டியை ஓட்டினான். "பெரியம்மா, இந்த மாநிலத்தில் மக்காச்சோளக் கொல்லையைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை" என்று எச்சரித்துவிட்டுத்தான் சாவியை எடுத்தான். சாலையின் இருபுறமும் கன்னங்கரேல் என்று மண், அப்போதுதான் தலைகாட்டிய பயிர், அடிவானம் வரை காற்றாலைகள். மண்ணின் செழிப்பைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும்.

முக்கால் மணி நேரத்தில் லிங்கன் என்ற ஊர் வந்தது. அவர் ஜனாதிபதியாகும் முன்பே அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட ஊர் இது. 1853 ஆகஸ்ட் 27 அன்று, ரயில் பாதையோரம் மனை விற்றபோது, பத்திரங்களை எழுதிக் கொடுத்த வழக்கறிஞர் என்பதால் அவர் பெயரையே வைத்தார்கள். அவரும் ஒரு தர்பூசணியை உடைத்து அதன் சாற்றைத் தெளித்துப் பெயர் சூட்டினாராம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தர்பூசணித் துண்டுக்கே ஒரு சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். இந்த ஊர் இருக்கும் லோகன் மாவட்டமும் அவருடைய சட்டமன்ற வேலையின் விளைவுதான். 1839இல் பெரிய சங்கமன் மாவட்டத்தைப் பிரித்தபோது உருவானது. சக உறுப்பினரான டாக்டர் ஜான் லோகனின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒரு மாவட்டத்தின் எல்லையைக் கிழிக்கும்போது எத்தனை பேர் வாசலில் வந்து நின்றிருப்பார்கள்!

ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறு உணவகத்தில் காபியும் ஆப்பிள் பையும் சாப்பிட்டோம். இருவருக்கும் 14 டாலர். பரிமாறிய அம்மாள் காபி தீரத் தீரக் கேட்காமலேயே ஊற்றினார். அதற்குத் தனிக் காசு கிடையாது.

மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் விடுதிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். முன்பதிவுச் சீட்டு கையில் இருந்தும், சட்டமன்றக் கூட்டத் தொடர் நடப்பதால் அறைகள் நிரம்பிவிட்டன என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னார். முன்பதிவுக்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். மன்னிப்பு மட்டும் நிறையக் கிடைத்தது. நெடுஞ்சாலையோரம் வேறொரு விடுதியில் 94 டாலருக்கு அறை எடுத்தோம். இரவெல்லாம் லாரிச் சத்தம்.

இரவு உணவுக்கு இந்த ஊரின் சொந்தப் பண்டமான 'குதிரை லாடம்'. 1928இல் இங்கிருந்த லீலண்ட் ஓட்டலில் பிறந்தது. வாட்டிய ரொட்டித் துண்டுகள், மேலே இறைச்சி, அதன் மேல் உருளைக்கிழங்கு வறுவல் குவியல், எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் பாலாடைக்கட்டிச் சாறு. பாதி அளவுக்கு 'குட்டிக் குதிரை லாடம்' என்று பெயர். கோழிக்கறி போட்டு 13 டாலர். அதையே என்னால் முடிக்க முடியவில்லை.

அடுத்த மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மருந்துக்கடைக்காரர்களுக்காகச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டும் வேலை பார்ப்பவர். எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மே 31 நள்ளிரவுக்குள் நிறைவேறும் மசோதாவுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதற்குப் பிறகு நிறைவேறினால், அது உடனே அமலுக்கு வர ஐந்தில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும். அதனால் வருடத்து வேலை முழுவதும் மே மாதத்தில் வந்து முட்டுகிறது. "நாளை மூன்றாம் தளத்துக்கு வாருங்கள், எங்கள் சந்தையைப் பார்க்கலாம்" என்றார்.

மே 15, புதன்: ஸ்பிரிங்ஃபீல்ட் தலைமைச் செயலக மாளிகை

மழை விட்டு வெயில் அடித்தது. 1868இல் தொடங்கி 1888இல் முடித்த இந்த மாளிகையின் கோபுரம் 361 அடி. வாஷிங்டனில் இருக்கும் நாடாளுமன்றக் கோபுரத்தைவிட உயரம். பையைச் சோதித்துவிட்டு உள்ளே விட்டார்கள். கட்டணம் இல்லை, எந்த ஊர், யார் சிபாரிசு என்று யாரும் கேட்கவில்லை.

வட்டக் கூடத்தில் லாட்டி ஹோல்மன் ஓநீல் சிலையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920இல். 1922இல் இந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் இவர். ஏறத்தாழ 38 ஆண்டுகள் சட்டமன்றத்தில் இருந்தார்.

மூன்றாம் தளம் உண்மையாகவே சந்தைதான். பித்தளைக் கம்பிகளை ஒட்டி நூறு பேருக்கு மேல் கோட்டும் காகிதமுமாக நின்றார்கள். அவைக்குள் இருக்கும் உறுப்பினருக்குச் சீட்டு எழுதிக் காவலாளியிடம் கொடுக்க வேண்டும். உறுப்பினர் வெளியே வந்தால் இரண்டு நிமிடப் பேச்சு. மருந்துக்கடைக்காரர்களுக்காக வேலை பார்க்கும் நேற்றைய மனிதர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவருக்குப் பக்கத்திலேயே, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகனோடு ஒரு தாய். வீட்டுப் பராமரிப்பு உதவியாளரின் ஊதியம் பற்றிப் பேச வந்திருந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்பவரும், சொந்தத் துயரத்தோடு நிற்பவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தத் தாயைத் தேடி உறுப்பினர் ஒருவர் வெளியே வந்து, பையனின் உயரத்துக்குக் குனிந்து பேசினார். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பார்வையாளர் மாடத்தில் ஒரு பள்ளிக்கூடமே உட்கார்ந்திருந்தது. அவர்கள் தொகுதி உறுப்பினர் எழுந்து குழந்தைகளை அறிமுகப்படுத்த, அவை முழுவதும் திரும்பிக் கைதட்டியது. பிறகு மசோதாக்கள். எழுத்தர் மூச்சுவிடாமல் தலைப்புகளை வாசிக்கிறார். ஒவ்வொரு மசோதாவையும் மூன்று வெவ்வேறு நாள்களில் வாசிக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. இதைச் சமாளிக்க உள்ளீடு இல்லாத கூடு மசோதாக்களை முன்கூட்டியே வாசித்து வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் உண்மையான சரக்கை அதற்குள் திணிக்கும் வழக்கம் இங்கே பேர்போனது. எந்தக் கட்சி செய்தாலும் இது மக்களின் கண்ணைக் கட்டும் வேலை. நூற்றுக்கணக்கான பக்கங்களை ஓர் இரவில் எந்த உறுப்பினர் படிப்பார்?

சுவரில் 118 பெயர்கள் கொண்ட பலகை. ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு. மூன்றாவதாக ஒரு மஞ்சள்: வந்திருக்கிறேன், ஆனால் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. மசோதா நிறைவேற ஆதரவு வாக்குகள் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்ட வேண்டும் என்பதால் மஞ்சளும் கிட்டத்தட்ட எதிர்ப்புதான். எதிர் முனையில் இருக்கும் மாநிலச் செனட்டில் 1997 முதல் 2004 வரை இருந்த பராக் ஒபாமா அந்த மஞ்சளை ஏறத்தாழ 130 முறை அழுத்தியதை 2008 தேர்தலில் எதிரிகள் தோண்டி எடுத்தார்கள். அவரும் முதல் ஆறு வருடங்கள் சிறுபான்மைக் கட்சியில் இருந்தவர். 2003இல் அவர் கட்சிக்குப் பெரும்பான்மை வந்த பிறகுதான், கொலை வழக்கு விசாரணைகளைப் பதிவு செய்யக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்ற முடிந்தது. காவல் நிலையத்துக்குள் என்ன நடக்கும் என்று அறிந்த எவருக்கும் அந்த ஒரு சட்டத்தின் அருமை தெரியும். இடையில், 2000இல், நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலிலேயே தோற்றிருக்கிறார்.

நாடு முழுவதும் இப்படி 7,386 மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள். நியூ ஹாம்ப்ஷயரில் வருடத்துக்கு 100 டாலர்தான் சம்பளம். அங்கே கீழவையில் மட்டும் 400 பேர். இல்லினாயில் 2023 ஜனவரியில் 85,000 டாலராக உயர்த்தினார்கள். சம்பளம் குறைவாக இருந்தால் சேவை மனம் உள்ளவர்கள் வருவார்கள் என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். வசதி படைத்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும்தான் வருவார்கள். கூலிக்குப் போகிறவர் எப்படி வருவார்?

செனட் பக்கம் போனபோது உறுப்பினர் பட்டியலில் ராம் வில்லிவலம் என்ற பெயர். 2018 தேர்தலில் வென்று 2019 முதல் இருக்கிறார். இல்லினாய்ச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்திய அமெரிக்கர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் வில்லிவலம் என்று ஓர் ஊர் உண்டு என்று தங்கை மகனிடம் சொன்னபோது அவன் முகம் மாறியது. ஆசிய அமெரிக்கர்களின் வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்ற 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செனட்டில் கொண்டுசென்றவர் அவர்தான். இப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் இல்லினாய். காலையிலிருந்து கைப்பேசியிலேயே இருந்தவன் அதன் பிறகு பலகையைப் பார்க்க ஆரம்பித்தான்.

இந்த வரிசையில் முதலில் வருபவர் ஜான் தாமஸ். அலபாமாவில் அடிமையாகப் பிறந்தவர், 1876இல் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின உறுப்பினர். மாநிலத்தின் முதல் குடிமை உரிமைச் சட்டத்தை 1885இல் கொண்டுவந்தார்.

மாலையில் பழைய 66ஆம் எண் சாலையோரத்தில், சோளமாவில் தோய்த்துக் குச்சியில் குத்திப் பொரித்த தொத்திறைச்சியைத் தங்கை மகன் வரிசையாக மூன்று சாப்பிட்டான். நான் எலுமிச்சைச் சாறோடு நிறுத்திக்கொண்டேன்.

மே 16, வியாழன்: நியூ சேலம், பழைய சட்டமன்றம்

ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வடமேற்கே அரை மணி நேரம். காட்டுக்குள் மரக்கட்டை வீடுகளாக ஒரு சிறு கிராமம். 1831 முதல் 1837 வரை லிங்கன் வாழ்ந்த ஊர், அவர் போன சில வருடங்களில் அழிந்தே போய்விட்டது. இன்று இருப்பவை பெரும்பாலும் 1930களில் திரும்பக் கட்டியவை. பீப்பாய் செய்பவரின் பட்டறை ஒன்றுதான் அந்தக் காலத்து அசல். கொசு பிடுங்கி எடுத்தது. பழங்கால உடையில் கம்பளி நூல் நூற்றுக்கொண்டிருந்த தன்னார்வலப் பெண்மணி, கேட்காமலே கொசு மருந்துப் புட்டியை நீட்டினார்.

1832இல், 23 வயதில், இங்கிருந்துதான் முதல் முறை சட்டமன்றத்துக்கு நின்றார். மாவட்டம் முழுவதுமாக 13 வேட்பாளர்களில் எட்டாவது இடம், தோல்வி. ஆனால் இந்த ஊர் வாக்குச்சாவடியில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கு. உள்ளூரில் தோற்று வெளியூரில் ஜெயிப்பவர்கள் உண்டு. தினமும் முகம் பார்க்கிறவர்கள் இப்படி அள்ளிக் கொடுப்பதுதான் அபூர்வம்.

அவர் வெளியிட்ட தேர்தல் அறிக்கையில் முக்கிய வாக்குறுதி சங்கமன் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாக்குவது. ஆற்றங்கரைக்கு இறங்கிப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், வளைந்து வளைந்து, எதிர்க்கரையில் நிற்பவரோடு பேசிவிடக்கூடிய அகலத்தில் ஓடுகிறது. அதே 1832 வசந்தத்தில் டாலிஸ்மேன் என்ற நீராவிப் படகு இதில் ஏறி வந்தது. தண்ணீர் வற்றியதும் திரும்ப முடியாமல் தவித்தது. அதை ஓட்டிச் செல்ல உதவியவர்களில் லிங்கனும் ஒருவர். இந்த ஊர் அணையின் ஒரு பகுதியை உடைத்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள். அந்த ஒற்றைப் பயணத்தைக் கண்ட பிறகும் போக்குவரத்து வந்தால் ஏழைக் குடியானவன் பிழைப்பான் என்ற நம்பிக்கையை அவர் விடவில்லை. அந்த நம்பிக்கை பின்னால் மாநிலத்தையே கடனில் தள்ளியது. அதை நாளை எழுதுகிறேன்.

1834இல் வென்றார். இடையில் கூட்டுக்கு நடத்திய கடை மூழ்கி, கடன்காரர்கள் அவருடைய நில அளவைக் கருவிகளையே ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நண்பர் ஒருவர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். சட்டமன்றத்துக்குப் போட்டுக்கொள்ள நல்ல உடை இல்லாமல் கோல்மன் ஸ்மூட் என்ற விவசாயியிடம் 200 டாலர் கடன் வாங்கினார். உறுப்பினருக்கு நாள்படி 3 டாலர். 1836 தேர்தலுக்கு முன் வெளியிட்ட அறிக்கையில், வரி கட்டுகிற அல்லது ஆயுதம் தாங்குகிற வெள்ளையருக்கு வாக்குரிமை, 'பெண்களை எவ்விதத்திலும் விலக்காமல்' என்று ஒரு வரி. வெள்ளையருக்கு மட்டும் என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிற்பகல் ஸ்பிரிங்ஃபீல்ட் பழைய சட்டமன்றத்துக்கு வந்தோம். மஞ்சள் கலந்த சுண்ணாம்புக் கல் கட்டடம். 1960களில் கல்லுக்கு எண் போட்டுப் பிரித்து, அடியில் வாகன நிறுத்தம் அமைத்து, மறுபடி அதே இடத்தில் அடுக்கியிருக்கிறார்கள். அவ்வளவு கவனமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

வழிகாட்டியாக வந்த முதியவர் ஜன்னல் கதையை ஆசையாகச் சொன்னார். 1840 டிசம்பர் 5. இந்தக் கட்டடம் முழுமையடையாததால் பிரதிநிதிகள் சபை ஒரு தேவாலயத்தில் கூடியது. சிறப்புக் கூட்டத் தொடர் முடிந்துவிட்டால் மாநில வங்கி நோட்டுகளுக்கு ஈடாக வெள்ளியும் பொன்னும் கொடுத்தாக வேண்டும், வங்கி நொறுங்கிவிடும். ஆகவே கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் செய்ய லிங்கனின் விக் கட்சியினர் வெளியேறினார்கள். நடப்பதைக் கவனிக்க உள்ளே இருந்த லிங்கன், கோரம் சேர்ந்துவிட்டதைப் பார்த்து வெளியேறப் போனால் கதவில் காவலர். ஜன்னல் வழியாகக் குதித்தார். பெயர் அதற்குள் வருகையில் ஏறிவிட்டது, குதித்தது வீண். அவருடைய நீண்ட காலுக்கு அது குதியே அல்ல என்று எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தப் பேச்சே அவருக்குப் பிறகு பிடிக்காமல் போனதாம்.

கோரத்தைக் கெடுக்கும் தந்திரம் இன்றும் சாகவில்லை. 2021இல் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சியினர் விமானம் ஏறி வாஷிங்டனுக்குப் போய்விட்டார்கள். 2023இல் ஓரிகன் செனட்டில் குடியரசுக் கட்சியினர் ஆறு வாரம் வரவில்லை. அதற்கு முந்தைய வருடம் அந்த மாநில மக்கள் நிறைவேற்றிய விதிப்படி, பத்து நாள் காரணமின்றி வராதவர் மறுபடி போட்டியிட முடியாது. இந்தப் பிப்ரவரியில் அங்கே உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. மக்கள் போட்ட விதி நியாயம் என்றே நினைக்கிறேன். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தாலும் இருக்கையில் இருந்து எதிர்த்துப் பதிவு செய்வதுதான் உறுப்பினரின் வேலை.

மாடியில் பிரதிநிதிகள் மண்டபம். 1858 ஜூன் 16 அன்று, பிளவுபட்ட வீடு நிலைத்து நிற்க முடியாது என்ற உரையை இங்கே நிகழ்த்தினார். 1865 மே மாதம் அவர் உடலை வைத்ததும் இங்கேதான். பயணிகள் இந்த இரண்டையும் கேட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் கேட்டது வேறு. 1854இல் அவர் மறுபடி சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதவி ஏற்காமலே விலகினார். அமெரிக்க செனட் உறுப்பினர்களை அப்போது மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன; 1913 வரை அதுதான் முறை. செனட்டுக்குப் போக விரும்பிய லிங்கன் சட்டமன்ற உறுப்பினராக இருந்தால் தகுதியில்லை. அவர் விட்ட இடத்தை இடைத்தேர்தலில் எதிர்க்கட்சி பிடித்தது. 1855 பிப்ரவரியில் முதல் சுற்றில் அவருக்கு 44 வாக்குகள், லைமன் டிரம்புலுக்கு 5. பத்தாவது சுற்றில் தன் ஆதரவாளர்களை டிரம்புலுக்கு வாக்களிக்கச் சொல்லி, அடிமை முறை பரவுவதை எதிர்க்கும் ஒருவராவது போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். 44 பேரைக் கையில் வைத்துக்கொண்டு 5 பேர் உள்ளவருக்கு வழிவிடும் மனம் யாருக்கு வரும்!

"இதைக் கேட்பவர்கள் குறைவு" என்று வழிகாட்டி என்னை ஓர் உறுப்பினர் மேசைக்கு அருகே வெகு நேரம் நிற்க அனுமதித்தார். மூடும் நேரம் தாண்டியும் அவசரப்படுத்தவில்லை.

மே 17, வெள்ளி: வண்டேலியா

தெற்கே 120 கிலோமீட்டர். லிங்கன் குளிர்காலத்தில் குதிரை வண்டியில் குலுங்கிக்கொண்டு வந்த தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடந்தோம். வெயில் 27 டிகிரி; காற்றில் ஈரப்பதம் அதிகம், சட்டை முதுகில் ஒட்டியது.

வண்டேலியா 1839 வரை மாநிலத் தலைநகர். இன்று ஓர் அமைதியான சிற்றூர். கிழக்கிலிருந்து போட்டுக்கொண்டு வந்த தேசிய நெடுஞ்சாலை இங்கே வந்து முடிந்தது. வெள்ளை வெளேர் என்று நிற்கும் சட்டமன்றத்தை 1836இல் ஊர்க்காரர்களே அவசரம் அவசரமாகக் கட்டினார்கள், தலைநகரம் கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக. அந்த டிசம்பரில் உறுப்பினர்கள் நுழைந்தபோது சுவர்ப் பூச்சு இன்னும் காயவில்லையாம். மாடியில் இரண்டு சபைகள், நீள மேசைகள், இறகுப் பேனாக்கள், மெழுகுவர்த்தித் தண்டுகள், இரும்பு அடுப்பு. நடந்தால் பலகை முனகுகிறது. நுழைவுக்குக் காசு கேட்கவில்லை. உண்டியலில் விருப்பம்போல் போடலாம். எங்களோடு வேறு யாரும் இல்லை.

சங்கமன் மாவட்டத்திலிருந்து வந்த ஒன்பது பேரும் சராசரியாக ஆறடி உயரம். மொத்த உயரம் 54 அடி என்று சொல்லி 'நெட்டை ஒன்பதின்மர்' என்றே அழைத்தார்கள். அவர்களின் குறிக்கோள் தலைநகரத்தை ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டுபோவது. அதே கூட்டத் தொடரில் ரயில் பாதைகளுக்கும் ஆறுகளுக்கும் சாலைகளுக்கும் 1 கோடி டாலர் ஒதுக்கும் பெருந்திட்டம் நிறைவேறியது. உன் ஊருக்கு ரயில், என் ஊருக்குத் தலைநகரம் என்று பேரம் நடந்ததாக அப்போதே குற்றம் சாட்டினார்கள். 1837 பிப்ரவரி 28, நான்காவது சுற்றில் ஸ்பிரிங்ஃபீல்ட் வென்றது. சில வாரங்களில் நாடு தழுவிய பொருளாதார நெருக்கடி வெடித்தது. 1840இல் கூட 4,76,183 பேரே இருந்த மாநிலம் வட்டி கட்ட முடியாமல் திணறியது. ஏறத்தாழ 10 லட்சம் டாலர் விழுங்கிய ஒரே ஒரு ரயில் பாதை முடிந்தது. 1847இல் அதை 21,100 டாலருக்கு ஏலம் விட்டார்கள். ஊருக்குப் பாதை வேண்டும் என்ற ஆசையில் தவறு இல்லை. பணம் எங்கிருந்து வரும் என்று கேட்காமல் கை தூக்கியது பெருந்தவறு, அதில் லிங்கனுக்கும் முழுப் பங்கு உண்டு.

நான் இங்கே வந்தது அதற்காக மட்டும் அல்ல. 1837 ஜனவரியில், அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டிக்கும் தீர்மானம் இதே சபையில் 77க்கு 6 என்று நிறைவேறியது. எதிர்த்த ஆறு பேரில் லிங்கன் ஒருவர். மார்ச் 3 அன்று, கூட்டத் தொடர் முடியும் தறுவாயில், டேன் ஸ்டோன் என்ற சக உறுப்பினரும் அவரும் சேர்ந்து ஒரு மறுப்புரையைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அடிமை முறை அநீதியையும் தீய கொள்கையையும் அடித்தளமாகக் கொண்டது என்றார்கள். ஒழிப்புப் பிரசாரம் அதன் தீமையைக் கூட்டவே செய்யும் என்றும் கூடவே எழுதினார்கள். இன்று படித்தால் அந்த இரண்டாம் பகுதி கசக்கிறது. தேதியும் உறுத்துகிறது: தலைநகர வாக்கெடுப்பு முடிந்து மூன்றாம் நாள். ஆதரவாளர்களை இழந்துவிடாமல் இருக்கக் காத்திருந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் 28 வயதில், அடுத்த தேர்தலில் ஒரு வாக்கையும் கூட்டித் தராத ஒரு காகிதத்தில் பெயர் எழுதினார். அந்த நவம்பரில் இதே மாநிலத்தின் ஆல்டன் நகரில், அடிமை முறையை எதிர்த்த பத்திரிகை ஆசிரியர் எலைஜா லவ்ஜாயை ஒரு கும்பல் கொன்றது. அந்தக் காகிதத்துக்கு அப்போது இருந்த எடை அது. 1860இல் ஜனாதிபதி வேட்பாளராகத் தன் வரலாற்றை எழுதியபோது, அந்த மறுப்புரையைக் குறிப்பிட்டு, தன் நிலை இன்றும் அதுவே என்றார்.

மற்ற நான்கு பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள். லிங்கனோடு சேர்ந்து காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டவர் ஸ்டோன் மட்டும்தான். எதிர்ச்சாரியில் இருக்கும் பூங்காவில் லிங்கனுக்குச் சிலை இருக்கிறது. இந்த ஊரில் ஸ்டோனுக்கு ஒரு பலகையாவது இருக்குமா என்று சுற்றிச் சுற்றித் தேடினேன், என் கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் டயரில் ஆணி. ஊர் எல்லையில் இருந்த சிறு பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனோம். பட்டறைக்காரர் ஐம்பது வயதிருக்கும். எனக்கு நாற்காலி போட்டு, குளிர்பெட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் சக்கரத்தைக் கழற்றினார். எங்கே போய் வருகிறீர்கள் என்றார். சொன்னேன். அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டார். ஸ்பிரிங்ஃபீல்டில் எல்லாமே சிகாகோக்காரர்கள் கையில். எங்கள் உறுப்பினர் நல்லவர், கூப்பிட்டால் எடுப்பார், கால்வாய் அடைத்தபோது நேரில் வந்தார், ஆனால் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் தோற்கிறார், அவரை அனுப்பி என்ன பயன் என்றார். சிகாகோவை விட்டுப் பிரிய வேண்டும் என்று தென் இல்லினாயின் பல மாவட்டங்களில் 2020 முதல், அரசைக் கட்டுப்படுத்தாத வாக்கெடுப்புகள் நடந்திருக்கின்றன. இவரும் ஆதரவாக வாக்களித்தவர்.

பிரிவதை நான் ஏற்கவில்லை என்று நேராகவே சொன்னேன். 77க்கு 6 கதையையும் சொன்னேன். அவர் பிறந்து வளர்ந்த ஊரில் நடந்தது. லிங்கன் இங்கே இருந்தார் என்பது தெரியும், அந்தக் காகிதம் தெரியாது. கையில் இருந்த டயரை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்கள் உறுப்பினர் தோற்கும்போது, ஏன் எதிர்த்தார் என்று எழுந்து சொல்கிறாரா?" என்று கேட்டேன்.

"தெரியவில்லை அம்மா. கோடையில் மாவட்டச் சந்தைக்கு வருவார், கேட்கிறேன்" என்றார். இரண்டாவது ஆளின் பெயரை மறுபடி சொல்லச் சொல்லி ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். டயருக்கு 25 டாலர், ரொக்கமாக வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாவட்டச் சந்தை எப்போது என்று தங்கை மகன் வண்டியில் ஏறியதும் தேட ஆரம்பித்தான்.